ஆம்பூரில் கழற்றிப் போட்ட பூட்ஸ்

இந்தியாவில் தனியாக நடக்கப் போகிறேன் என்று சொன்னதும் மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஆளுக்கொரு பயம் காட்டினார்கள். நாய் கடிக்கும் என்றார் பெரிய அண்ணன். தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றார் அண்ணி. கையுறைத் தொழிற்சாலை ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ரொஹானா, பை திருடு போகும் என்று ஒரு பூட்டே வாங்கிக் கொடுத்தாள். வழியில் வண்டியை நிறுத்தி ஏற்றிவிடுவார்கள் என்று மட்டும் ஒருவரும் எச்சரிக்கவில்லை.

என் திட்டம் எளியது. வாணியம்பாடியில் பாலாற்று மணலில் இறங்க வேண்டும். ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜாபேட்டை என்று ஆற்றை ஒட்டியே நடந்து, காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் போய் உட்கார வேண்டும். முழுக்க நடை. முழுக்கத் தனியாக. தண்ணீர் ஓடாத ஆற்றில் யார் வரப்போகிறார்கள் என்பது என் கணக்கு.

ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால் போதும். இரண்டு அண்ணன்கள், அண்ணிகள், அவர்களுடைய பிள்ளைகள், அம்மா, நான் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். கல்யாணம் ஆகாத அத்தையின் அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. அத்தை என் சாக்ஸ் எங்கே, அத்தை அம்மா கூப்பிடுறாங்க, அத்தை வைஃபை போச்சு. நாற்பது வயது தாண்டிவிட்டது, யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு நாளை நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் விடுப்பைச் சேர்த்துச் சேர்த்து வைத்து விமானம் ஏறினேன்.

முதல் நாள் ஆரம்பம் நன்றாகவே இருந்தது. பொங்கல் கழிந்த வாரம். ஆற்றில் ஓர் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், மற்றதெல்லாம் மணலும் சீமைக் கருவேலமும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு மணல் அள்ளிய பெரிய பள்ளங்கள் வந்தன. வேறு வழியில்லாமல் கரையேறிச் சாலை ஓரமாக நடந்தேன். அங்கே பிடித்தது சனி.

“எங்கம்மா போணும்?”

“ஆம்பூர்.”

“குந்து, உட்டுட்றேன்.”

“இல்லைங்க, நான் நடக்கத்தான் வந்தேன்.”

இந்தப் பதிலை அந்தச் சாலையில் யாருமே பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வண்டிக்காரர் நான் பஸ்ஸைத் தவறவிட்டதாக முடிவு செய்தார். அடுத்தவர் எனக்கு வேண்டுதல் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். மூன்றாவதாக வந்தவர் சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். நான் ஏற மாட்டேன் என்றதும் இன்ஜினை அணைத்தார், இறங்கினார், வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

“நீங்க போங்கண்ணே” என்றேன்.

“பொம்பளப் புள்ள வெயில்ல நடக்குது, நான் வண்டில போறதா? பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க?”

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மூச்சு வாங்கியது. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தூதரகத்தில் என்ன சொல்வேன் என்ற பயத்தில் கடைசியில் ஏறி உட்கார்ந்தேன். மின்னூரில் இறக்கிவிட்டு, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆனால் என் நடையில் ஓட்டை விழுந்துவிட்டதே. அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. எதிர்த்திசைப் பஸ்ஸைப் பிடித்தேன், நான் வண்டியில் ஏறிய இடத்துக்கே திரும்பிப் போனேன், விட்ட இடத்திலிருந்து மறுபடி நடந்தேன். நடத்துநர் என்னை அந்தப் பொட்டலில் இறக்கிவிடவே யோசித்தார். கொஞ்ச தூரம் போயிருப்பேன், எதிரே அதே வண்டி, அதே தூக்கு. கடைக்கு எதற்கோ போகிறார் போலும். என்னைப் பார்த்ததும் பிரேக் அடித்தார்.

“உன்ன நான் மின்னூர்லதானம்மா உட்டேன்?”

“ஆமாங்க.”

“அப்புறம் எப்டி இங்க வந்த?”

“பஸ்ஸில் வந்தேன்.”

“எதுக்கு?”

“மின்னூருக்கு நடந்து போறதுக்கு.”

 தப்பான இடத்தில் இறக்கிவிட்டுவிட்டேன், மன்னிச்சுக்கம்மா என்று அவராகவே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

ஆம்பூரை நெருங்கும்போது என் பூட்ஸ் காலை வாரியது. என்றோ கினபாலு மலை ஏறலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது வாங்கிய பூட்ஸ் அது. மலைக்கும் போகவில்லை, பூட்ஸும் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. அலமாரிக்குள்ளேயே சோல் மட்கிப்போயிருந்தது எனக்குத் தெரியாது. முதலில் இடதுகால் சோல் ஊறிய ரொட்டி போலப் பிய்ந்து வந்தது. சற்று நேரத்தில் வலதும் அதையே செய்தது. இரண்டையும் காலில் கயிற்றால் கட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து ஒரு பஸ் நிறுத்தம் வரை போய் உட்கார்ந்தேன்.

மாலை நேரம். ஷூ கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது, சாப்பாட்டுப் பைகளோடு பெண்கள் இறங்கினார்கள். மற்ற ஊர்களில் அந்நியரைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். ஆம்பூரில் காலைப் பார்க்கிறார்கள். எல்லோரும் என் காலைச் சுற்றி நின்று உருதுவில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சொன்னது மட்டும் பின்னால் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது: “பாவம், இவளுக்கென்று யாரும் இல்லையா?”

அவர்களில் கொஞ்சம் பெரியவராக இருந்தவர் குனிந்து சோலைத் தொட்டுப் பார்த்தார். கறுப்பு பர்தா, கையில் நரம்பு தெரியும் உழைப்பு, பேச்சில் வேகம். அவர்தான் ஷமீம் அக்கா. ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் இருபது வருடங்களுக்கு மேலாக மெஷினில் உட்காருகிறார்.

“ஊட்டுக்கு வாம்மா. ரெண்டு நிமிஷத்துல ஒட்டிட்லாம்.”

“வேண்டாங்க்கா, கடையில ஒரு ஜோடி வாங்கிக்கிறேன்.”

ஷமீம் அக்காவின் முகம் மாறியது. மற்றவர்களின் முகங்களும் மாறின. “ஆம்பூருக்கு வந்த மேமான் காசு குடுத்து ஷூ வாங்கறதா? ஊட்ல மூணு பேரு ஷூ கம்பெனில வேலை செய்றோம். நம்ம மானம் இன்னா ஆவறது?” என்று என் முதுகுப் பையை எடுத்து அவர் தோளில் மாட்டிக்கொண்டார். மேமான் என்றால் விருந்தாளி. அந்தச் சொல்லை அதன்பிறகு நான் கேட்காத மணி நேரம் இல்லை.

அந்த வீட்டில் மூன்று பேர். ஷமீம் அக்கா, அவர் கணவர் நசீர் பாய், நசீர் பாயின் தம்பி இம்ரான். ஒரே மகளை மேல்விஷாரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நசீர் பாய்க்குத் தோல் வெட்டும் பிரிவில் வேலை. இம்ரான் சாம்பிள் ரூமில் இருக்கிறான், அதாவது ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையருக்குக் காட்டுவதற்காக மாதிரி ஷூ செய்யும் இடத்தில். என் பூட்ஸை நடு ஹாலில் ஒரு செய்தித்தாள் மேல் வைத்து மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். டாக்டர்கள் கூடியது போலத்தான் இருந்தது. இதற்குள் அக்கம்பக்கத்திலிருந்து இன்னும் சிலர் வந்துவிட்டார்கள்.

“தோலு நல்ல தோலு” என்றார் நசீர் பாய்.

“தையல்ல ஒரு தப்பு கீதா பாரு” என்றார் ஷமீம் அக்கா.

“சோல் போச்சு. வேற சோல் போடணும்” என்றான் இம்ரான்.

“அப்ப போட்டுடலாமே” என்றேன்.

சோல் ஒட்டுவது வேறு பிரிவாம். அந்த வீட்டில் வெட்டத் தெரிந்தவர் இருக்கிறார், தைக்கத் தெரிந்தவர் இருக்கிறார், மாதிரியைப் பார்த்து அளவெடுக்கத் தெரிந்தவன் இருக்கிறான். கால் வடிவக் கட்டையில் ஏற்றிச் சோல் ஒட்டும் ஆள் அடுத்த தெருவில் இருக்கிறாராம், அவர் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தார். ஊரே ஷூ செய்கிறது, ஆனால் ஒரு முழு ஷூவைச் செய்ய அந்த ஹாலில் ஆள் இல்லை.

“நாளைக்கு வந்துடுவாரு. நீ சாப்புடு” என்றார் ஷமீம் அக்கா.

சாப்பாட்டுக் கொடுமையை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் மலாய்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். ஆச்சு என்றால் பேச்சு அங்கே முடிந்தது. ஆம்பூரில் ஆச்சு என்ற பதிலிலிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கிறது. எப்ப சாப்பிட்ட, எங்க சாப்பிட்ட, அது ஒரு சாப்பாடா, அந்த ஓட்டல்ல அரிசி சரியில்லையே, கை கழுவு. சீரகச் சம்பா பிரியாணி, புளிப்பான கத்தரிக்காய், தயிர் வெங்காயம். ருசியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்து மறைத்தால் கையின் மேலேயே கறியை வைக்கிறார்கள். போதும் என்றேன், கூச்சப்படாதே என்றார்கள். வயிறு வலிக்கிறது என்றேன், பால் சேர்க்காத சுலைமானி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஜீரணம் ஆயிடும், இன்னொரு வாய் சாப்பிடு என்றார்கள்.

படுக்கும்போது வீட்டின் ஒரே படுக்கையறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அப்பாடா, இனி தனிமை என்று கதவைச் சாத்தப் போனால், பாயைச் சுருட்டிக்கொண்டு ஷமீம் அக்கா உள்ளே வந்தார். “புது எடம், பயந்துக்குவே” என்று என் கட்டிலுக்குக் கீழேயே படுத்தார். தூக்கம் வரும் வரை மகளைப் பற்றி, மெஷினைப் பற்றி, லைன் சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னார். நான் தூங்கிவிட்டதாக நடித்தேன். அப்போதும் சொன்னார்.

மறுநாள் சோல் ஒட்டும் ஆள் வரவில்லை. அவர்கள் மூவரும் வேலைக்குப் போய்விடுவார்கள், பகலிலாவது நான் தனியாக இருக்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். மேமான் தனியாக இருக்கிறாள் என்ற செய்தி தெருவில் அதற்கு முன்பே பரவியிருந்தது. ஒருவர் போனால் ஒருவர் வந்து உட்கார்ந்தார்கள். மலேசியாவில் தங்கம் என்ன விலை, உனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை, ரப்பர் கையுறையைப் பரிசோதிக்க ஒரு படிப்பா? குளிக்கப் போனால் வெளியிலிருந்து ஒரு குரல், “தண்ணி போதுமாம்மா?”

வெள்ளிக்கிழமைகளில் நான் சைவம். அதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஷமீம் அக்கா ஆடிப்போய்விட்டார். தன் வீட்டுச் சட்டியில் சமைத்தது உனக்கு ஆகுமோ ஆகாதோ என்று எதிர்வீட்டு விஜயாவிடம் சொல்லி சாம்பார், பொரியல், வடை, பாயசம் எல்லாம் வரவழைத்தார். விஜயாவோ நான் தன் கண் முன்னால் சாப்பிட வேண்டும் என்று கூடவே வந்து நின்றாள். இரண்டு வீட்டு உபசாரத்துக்கு நடுவில் நான் நசுங்கினேன். முட்டை கூடச் சாப்பிட மாட்டாளாமே என்று ஒரு கிழவர் உருதுவில் துக்கம் விசாரித்ததை இம்ரான் மொழிபெயர்த்தான்.

இந்த நேரத்தில்தான் நான் என்ன செய்யப் போகிறேன் என்பது நசீர் பாய்க்கு முழுதாகப் புரிந்தது. “காவேரிப்பாக்கம் வரைக்கும் நடந்தா? எதுக்கும்மா இந்த பேஜாரு? ஃபாஸ்ட் பஸ் கீது, நேராப் போய்டலாம்.”

“தனியா நடக்கணும் பாய். அதுக்குத்தான் வந்தேன்.”

அவர் யோசித்தார். யோசித்தபடியே போனை எடுத்தார். அன்று இரவுக்குள் வழிநெடுக ஏற்பாடு ஆகிவிட்டது. மாதனூரில் ஷமீம் அக்காவின் சித்தி மகள் மதியச் சாப்பாடு வைத்திருப்பார். வேலூர் லாங் பஜாரில் பூட்டுக் கடை வைத்திருக்கும் மச்சான் கோட்டைப் பக்கம் வந்து கூட்டிப்போவார். வாலாஜாபேட்டையில் இம்ரானின் தோஸ்த் ஒருவன். “ஒரு எடத்துலயும் நீ தனியா இருக்க மாட்டே” என்று நசீர் பாய் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். நன்றியால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. காவேரிப்பாக்கம் போய்ச் சேராமல் ஈப்போ திரும்பினால் பெரிய அண்ணன் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார். அதைவிட, திரும்பிப் போனால் இன்னொரு முறை யார் என்னை விடப்போகிறார்கள்? சனிக்கிழமை சாயங்காலம் பூட்ஸ் தயாராகிவிடும் என்று இம்ரான் சத்தியம் செய்திருந்தான். என் பழைய இடதுகால் பூட்ஸைச் சாம்பிள் ரூமுக்கு எடுத்துப்போய் மாஸ்டரிடம் கேட்டு, வேலை இல்லாத நேரத்தில் புதிதாகவே ஒன்று செய்வதாகத் திட்டம். பழசு எங்கே என்றேன். தைத்த விதம் பார்ப்பதற்காகத் துண்டு துண்டாகப் பிரித்தாயிற்று என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சாயங்காலம் தெருவே ஹாலில் இருந்தது. இம்ரான் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். திறந்தேன். உண்மையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பூட்ஸை நான் கடைகளில்கூடப் பார்த்ததில்லை. தேன் நிறத் தோல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற தையல். நசீர் பாய் தோலை அவர் கையாலேயே வெட்டிக் கொடுத்தாராம், மேல்பாகத்தை ஷமீம் அக்கா சாப்பாட்டு இடைவேளையில் தைத்தாராம், சென்னையிலிருந்து வந்த ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகப் போய்ச் சோல் ஒட்டினாராம். கடுகடுவென்று இருந்த என் மனம் இளகிப்போயிற்று. பெட்டிக்குள் மறுபடி கையை விட்டேன். காகிதத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

“இன்னொன்னு?” என்றேன்.

“எது?” என்றான் இம்ரான்.

“இன்னொரு கால்.”

 இம்ரான் பெட்டியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். “சாம்பிள்னா ஒத்தக் கால்தான்க்கா செய்வோம். பையருக்கு ஒத்தக் கால்தான் போவும். அது பழக்கத்துல...”

“எனக்கு ரெண்டு கால் இருக்கு தம்பி.”

யாரும் சிரிக்கவில்லை. சரி, இருப்பதையாவது போட்டுப் பார்ப்போம் என்று காலை விட்டேன். பாதி பாதம்கூட உள்ளே போகவில்லை. லேடீஸ் சாம்பிள் என்றால் சைஸ் முப்பத்தேழு. அங்கே காலங்காலமாக அதுதான் வழக்கம். நான் நாற்பது போடுகிறவள். என் காலை அளந்து பார்க்கலாம் என்று அந்த வீட்டில், அந்தத் தெருவில், வாழ்நாள் முழுக்க ஷூ செய்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் செய்த ஷூக்களைப் போட்டுக்கொண்டு யாரும் அவர்கள் எதிரே நடந்ததில்லை போலும்.

எனக்கு அழுகை வந்தது. கோப அழுகைதான். நாளைக் காலை நான் கிளம்புகிறேன், கடையில் எதையாவது வாங்கி மாட்டிக்கொண்டு போகிறேன், யாரும் எனக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்று உரக்கவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஹாலில் இருந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை. இம்ரான் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனான். ஷமீம் அக்கா மட்டும் சமையலறையிலிருந்து கேட்டார், “சப்பாத்தி போடட்டா, தோசை ஊத்தட்டா?”

ஞாயிறு காலை ஏற்றுமதியில் கழித்த ஷூக்களை விற்கும் கடைக்கு ஷமீம் அக்காவே கூட்டிப்போனார். முக்காடு போட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தபடி நின்றார். என் காலுக்கு ஒரு கான்வாஸ் ஷூ பொருந்தியது. வீட்டுக்கு வந்து பையைத் தூக்கினேன். நசீர் பாயிடம் நேற்றைய பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்றார், நிஜமாகவே ஒன்றுமில்லாதது போல. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஷமீம் அக்கா அப்போதுதான் சொன்னார்.

“நானும் வர்றேன். மாதனூர் வரைக்கும்.”

என் மனம் இற்றுப்போய்விட்டது. “வேண்டாங்க்கா. ரொம்ப தூரம்.”

“பரவால்ல.”

“மணல்ல நடக்கணும்.”

“தெரியும்.”

நசீர் பாய் என் பக்கம் சேர்ந்துகொண்டார். “நீ எதுக்கு ஷமீம்? பஸ்ல போய் மாதனூர்ல நில்லு. வெயிலு ஜாஸ்தியாகும்.”

“மேமானைத் தனியா அனுப்பறதா? வாசலோட உட்டுட்டா நாளைக்கு ஊர்ல இன்னா சொல்வாங்க? கொஞ்ச தூரம் கூடப் போய் வழியனுப்ப வேணாமா?”

அதற்கு அந்த வீட்டில் எதிர்வாதம் கிடையாது. நசீர் பாய் தலையாட்டிவிட்டார். மாதனூர் வரை போவது கொஞ்ச தூரமா என்று கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன், என்னை யார் கேட்டார்கள்? இத்தனை நாள் சோறு போட்ட மனுஷியிடம் அதற்கு மேல் மறுத்துப் பேச வாய் வரவில்லை. என் தனி நடையின் இரண்டாம் நாளும் பறிபோனது என்று கறுவிக்கொண்டே இறங்கினேன்.

ஊர் தாண்டும் வரை நரகம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார், ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டினார். ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் வாழைப்பழம். பாலத்தின் கீழ் நுரையும் நாற்றமுமாகத் தேங்கியிருந்த தண்ணீரை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம். அதன்பிறகு ஆறு அகலமாகி, வெறும் மணல் மட்டும் வந்தது. கரையில் வீடுகள் இல்லை. ஆள் இல்லை. ஷமீம் அக்கா பேசிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தினார். நானும் மகிழ்ச்சியோடு எதுவும் கேட்காமல் இருந்தேன்.

சற்று நேரம் கழித்து என் கையைத் தொட்டார்.

“ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்கக்கா.”

“நீ கொஞ்சம் பின்னாடி வர்றியா?”

எனக்குப் புரியவில்லை. கால் வலிக்கிறதா, ஒதுங்க வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

“நான் தனியா நடந்ததே இல்லம்மா. கம்பெனிக்குப் போனா பஸ்ல அம்பது பேரு. ஊட்டுக்கு வந்தா ஊட்டு ஆளுங்க. கடைக்குப் போனாக்கூட யார்னா ஒருத்தர் கூட வருவாங்க. நீ அன்னிக்கு அவராண்ட சொன்னே இல்ல, தனியா நடக்கணும்னு? அதுலேர்ந்து எனக்கு அதே நெனப்பு. எப்டித்தான் இருக்கும்னு பாக்கணும். நானா கேட்டா உடுவாங்களா? மேமானை வழியனுப்பறேன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

 அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து என் கையில் திணித்தார்.

“இத்த நீ வச்சுக்க. யாரு போன் பண்ணாலும் பக்கத்துலதான் கீறாங்கன்னு சொல்லு.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலில் வேகமாக, யாரோ திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பது போல. பிறகு மெதுவாக. ஓரிடத்தில் சும்மா நின்றார். ஓரிடத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் காலை நனைத்துவிட்டு வந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடல் கடந்து தனியாக நடக்க வந்தவள் நான், பின்னால் நில் என்று நிறுத்தி வைக்கப்பட்டவளும் நான். எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் போட்ட காலடியைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. கருவேல நிழலில் உட்கார்ந்து அவர் இன்னும் கொஞ்சம் தூரம் போகட்டும் என்று காத்திருந்தேன்.

போன் அடித்தது. நசீர் பாய். “பக்கத்திலதான் இருக்காங்க பாய். தண்ணி குடிக்கிறாங்க.” மறுபடி அடித்தது. மேல்விஷாரத்திலிருந்து மகள், அம்மாவுக்குக் கால் வலிக்கிறதா என்று. இல்லை என்றேன். மாத்திரை கொண்டு வந்தார்களா என்று. ஆமாம் என்றேன். பிறகு எதிர்வீட்டு விஜயா, அன்று வடை கொண்டுவந்த தன் தூக்கு எங்கே இருக்கிறது என்று. பிறகு மறுபடி நசீர் பாய், ஷமீமிடம் கொடு என்று. கை ஈரமாக இருக்கிறது, தொழுவதற்குக் கழுவுகிறார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஈப்போவில் அத்தை அத்தை என்று கூப்பிட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த மனுஷி இதையெல்லாம் எப்படித் தூக்கிக்கொண்டு நடந்தார்?

வெயில் உச்சிக்கு வந்தபோது மாதனூர் சித்தி மகள் கூப்பிட்டார். பிரியாணி இறக்கியாயிற்று, தட்டெல்லாம் வைத்தாயிற்று, பையன்களை வண்டியோடு கரைக்கு அனுப்பட்டுமா, எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்றார். நான் எழுந்து பார்த்தேன். மாதனூரின் தண்ணீர்த் தொட்டி தென்னைகளுக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது. அதற்கு இப்பால், வெட்டவெளி மணலில், ஷமீம் அக்கா பர்தாவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையை வீசி நடந்துகொண்டிருந்தார்.

“இல்லைங்க, வண்டியெல்லாம் வேண்டாம்” என்றேன். “நாங்க இன்னும் ரொம்ப தூரத்துல இருக்கோம்.”